பச்சரிசி ஒரு பக்கம், புழுங்கலரிசி ஒரு பக்கம்: கோலாலம்பூர் மருத்துவர் ஃபிளெட்சர் 1906-ல் கண்டது என்ன?

பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், சோறு வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி வரும். வெள்ளைச் சோறா, புழுங்கல் சோறா? நீங்களும் யோசிக்காமல் ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பீங்க.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு, இதே கோலாலம்பூரில், மதில் சூழ்ந்த ஒரு முற்றத்தின் இரண்டு பக்கங்களில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. ஒரு பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு அரிசி, மறுபக்கத்தில் இருந்தவர்களுக்கு வேறு அரிசி. ஓராண்டு முடிந்தபோது ஒரு குழுவில் 18 பேர் இறந்திருந்தார்கள். மற்ற குழுவில் அந்த நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

அந்தச் சோதனையை நடத்தியவர் வில்லியம் ஃபிளெட்சர். வைட்டமின் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை. நாம் சாப்பிடும் சோறு குடலுக்குள் போய் என்ன ஆகிறது, அதில் எது இல்லாவிட்டால் உயிர் போகும் என்ற பெரிய கேள்விக்கு ஒரு பாதி விடை இங்கே கிடைத்தது. மீதிப் பாதி எப்படி வந்தது? இடையில் தமிழர்கள் எங்கே வருகிறார்கள்? பார்க்கலாம்.

யார் இந்த ஃபிளெட்சர்?

பிரிட்டனில் இருந்து மலாயாவுக்கு வந்த அரசாங்க மருத்துவர் இவர். 1900-களின் தொடக்கத்தில் கோலாலம்பூரின் மாவட்ட அறுவை மருத்துவராக இருந்தார். ஊரில் இருந்த மனநல மருத்துவமனையும் அவருடைய பார்வையில் வந்தது.

அந்தக் காலத்துக் கோலாலம்பூரைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஈயச் சுரங்கங்களும் காடும் ரப்பர்த் தோட்டங்களும் சூழ்ந்த ஊர். வேலைக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள்: சீனாவின் தெற்கிலிருந்து, தமிழ்நாட்டிலிருந்து, இலங்கையிலிருந்து, ஜாவாவிலிருந்து. வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக நோயில் விழுந்தார்கள்.

அந்த நோய்களைப் படிப்பதற்காகவே 1900-ல் கோலாலம்பூரில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. இன்று ஐஎம்ஆர் என்று நாம் சொல்லும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆரம்பம் அதுதான். பினாங்கில் பிறந்து, பிறகு மஞ்சூரியாவில் பிளேக் நோயை அடக்கிப் புகழ்பெற்ற மருத்துவர் வூ லியன்-தே கூட, படிப்பு முடிந்து திரும்பியதும் 1903-04-ல் இங்கே சில காலம் ஆய்வு செய்தார். அவர் எடுத்துக்கொண்ட நோய்களில் ஒன்று பெரிபெரி. ஃபிளெட்சரின் கதையும் அங்கேதான் தொடங்குகிறது.

பெரிபெரி என்றால் என்ன?

முதலில் கால் மரத்துப் போகும். படியேற முடியாது. கெண்டைக்கால் தசையை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும். சிலருக்கு உடம்பு வற்றி, கால்கள் செயலிழக்கும். இன்னும் சிலருக்கு நேர்மாறாகக் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பெரிதாகி ஒருநாள் திடீரென்று நின்றுவிடும்.

பசி இருக்காது. வயிற்றைப் பிசையும், வாந்தி வரும். இந்த வயிற்றுத் தொல்லைதான் பல மருத்துவர்களைத் தவறான வழியில் கொண்டுபோனது.

1905-ல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பெரிபெரி பரவியது. அந்த ஆண்டு அங்கே சிகிச்சை பெற்ற 219 பேரில் 94 பேருக்கு நோய் வந்தது. 27 பேர் இறந்தார்கள். மனநலத்துக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள், நரம்பும் இதயமும் கெட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

குற்றவாளி குடலிலா, அரிசியிலா?

அப்போது இரண்டு கட்சிகள் இருந்தன.

முதல் கட்சியின் தலைவர் ஹாமில்டன் ரைட். கோலாலம்பூர் ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநர். பெரிபெரி ஒரு கிருமி நோய் என்றார். வாய் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. இரைப்பையின் கீழ்முனையிலும் அதை ஒட்டிய முன்சிறுகுடலிலும் குடியேறிப் பெருகுகிறது. அங்கே புண்ணாக்கி, ஒரு நஞ்சை உண்டாக்குகிறது. அந்த நஞ்சு நரம்புகளைக் கெடுக்கிறது. இதுதான் அவர் கருத்து. இறந்தவர்களின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது அந்த இடம் சிவந்திருந்ததை அவர் ஆதாரமாகக் காட்டினார்.

கேட்பதற்கு நம்பும்படி இருக்கிறது இல்லையா? கிருமிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டுபிடிக்கப்பட்ட காலம் அது. எந்த நோயைப் பார்த்தாலும் எங்கே கிருமி என்றுதான் முதலில் தேடினார்கள்.

இரண்டாம் கட்சி சிரம்பானில் இருந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் லியோனர்ட் பிராடன் யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பல ஆண்டுகள் கவனித்தார். சுரங்கத்தில் வேலை செய்யும் சீனர்களுக்கு அதிகம் வருகிறது. கம்பத்தில் தாங்களே நெல் குத்திச் சாப்பிடும் மலாய்க்காரர்களுக்குக் குறைவு. தோட்டத்துத் தமிழர்களுக்கு அரிதாகத்தான் வருகிறது.

எல்லோரும் இதே மண்ணில், இதே வெயிலில், இதே மழையில்தான் இருக்கிறார்கள். ஆனால் சோறு வேறு. சீனத் தொழிலாளர்கள் சாப்பிட்டது சியாமில் இருந்து வந்த, ஆலையில் பளபளவென்று தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. ஆக, கோளாறு அரிசியில் என்றார் பிராடன். அரிசியைச் சேமித்து வைக்கும்போது அதில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்பது அவருடைய ஊகம்.

யார் சொல்வது சரி? சோதித்துப் பார்க்காமல் தெரியாது.

ஒற்றை எண், இரட்டை எண்

1905 டிசம்பர் 5. மருத்துவமனையின் சாப்பாட்டுக் கொட்டகையில் நோயாளிகள் அனைவரையும் வரிசையாக நிற்க வைத்தார் ஃபிளெட்சர். இடது ஓரத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுக்கப்பட்டது.

ஒற்றை எண் வந்தவர்கள் முற்றத்தின் கிழக்கு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்குப் பழையபடியே சியாம் பச்சரிசி. இரட்டை எண் வந்தவர்கள் மேற்கு வார்டுக்குப் போனார்கள். அவர்களுக்கு வங்காளத்தில் இருந்து வந்த புழுங்கலரிசி. மற்ற எல்லாச் சாப்பாடும் இரு பக்கமும் ஒன்றுதான். கட்டடங்களும் ஒரே மாதிரி. வித்தியாசம் அரிசி மட்டும்.

ஒருவேளை கட்டடத்தில்தான் கிருமி இருக்கிறதோ? அந்தச் சந்தேகத்தையும் விடவில்லை. சோதனையின் நடுவில் இரண்டு குழுக்களையும் வார்டு மாற்றி வைத்தார். அரிசியை மட்டும் மாற்றவில்லை.

இன்று ஒரு புதிய மருந்தையோ தடுப்பூசியையோ சோதிப்பது பற்றிப் படிக்கும்போது, இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிட்டார்கள் என்று கேட்டிருப்பீங்க. அதே யோசனைதான். குலுக்கல் முறையில் பிரித்து நடத்தப்பட்ட, புகழ்பெற்ற காசநோய் மருந்துச் சோதனையின் முடிவு பிரிட்டனில் வெளியானது 1948-ல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தையது கோலாலம்பூரின் இந்தச் சாப்பாட்டு வரிசை.

முடிவு என்ன?

1906 இறுதிக்குள் பச்சரிசி சாப்பிட்டவர்கள் மொத்தம் 120 பேர். அவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் பெரிபெரியில் விழுந்தார்கள். 18 பேர் இறந்தார்கள்.

புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் 123 பேர். பெரிபெரி இருந்தது இரண்டே பேருக்கு. அந்த இருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயோடு வந்தவர்கள். அந்த நோயால் மரணம் இல்லை.

இந்த முடிவை 1907-ல் லண்டனின் லான்செட் மருத்துவ இதழில் ஃபிளெட்சர் வெளியிட்டார். ஆனால் அவர் முழு வெற்றி கொண்டாடவில்லை. பச்சரிசியில் ஏதோ கெட்டது இருக்கிறதா, அல்லது இருக்க வேண்டிய ஏதோ நல்லது இல்லையா? இந்தச் சோதனையை வைத்து அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. தெரிந்த இடத்தோடு நின்றுகொண்டார்.

அந்த விடையைப் புரிந்துகொள்ள, நாமும் ஒரு கவளம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போக வேண்டும்.

ஒரு கவளத்தின் பயணம்

வாய்: மெல்லத் தொடங்கியதுமே எச்சிலில் உள்ள அமிலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்ட ஆரம்பிக்கிறது. சோற்றை நன்றாக மென்றால் லேசாக இனிக்கும், கவனிச்சிருக்கீங்களா? மாவு சர்க்கரையாக மாறுவதன் முதல் அடையாளம் அது.

உணவுக்குழாய்: சுமார் 25 செ.மீ. நீளக் குழாய். உணவு தானாக விழுவதில்லை. தசைகள் அலை அலையாகச் சுருங்கித் தள்ளுகின்றன.

இரைப்பை: அமிலம் சுரந்து, சோற்றையும் பருப்பையும் மீனையும் சேர்த்துக் கூழாக்குகிறது. புரதம் இங்கே உடையத் தொடங்கும். எச்சில் நொதியின் வேலை அமிலத்தில் நின்றுபோகும். கூழ் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கீழ்வாசல் வழியே வெளியேறும்.

முன்சிறுகுடல்: ஹாமில்டன் ரைட் கிருமியைத் தேடிய இடம். சுமார் 25 செ.மீ.தான், ஆனால் பரபரப்பான சந்திப்பு. கல்லீரலின் பித்தநீரும் கணையத்தின் நீரும் இங்கே வந்து சேர்கின்றன. கணைய நீர் அமிலத்தை அடக்கி, மாவுச்சத்தை மேலும் வெட்டுகிறது. பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்குகிறது.

இடைச்சிறுகுடலும் பின்சிறுகுடலும்: சிறுகுடல் முழுவதும் பல மீட்டர் நீளம். அதன் உட்சுவரில் விரல் போன்ற கோடிக்கணக்கான குடலுறிஞ்சிகள் உள்ளன. மடிப்புகளை எல்லாம் விரித்தால் பரப்பு ஏறக்குறைய 30 சதுர மீட்டர் வரும். அரை பேட்மிண்டன் மைதானத்தைவிடக் கொஞ்சம் குறைவு. சர்க்கரையும் பெரும்பாலான வைட்டமின்களும் இரத்தத்துக்குள் போவது இந்தச் சுவர் வழியாகத்தான்.

பெருங்குடல்: சுமார் ஒன்றரை மீட்டர். மிச்சத் தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு சக்கையை வெளியே அனுப்புகிறது.

இப்ப விஷயத்துக்கு வருவோம். இடைச்சிறுகுடலில் உறிஞ்சப்படும் சத்துகளில் ஒன்று தயாமின், அதாவது வைட்டமின் பி1. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை ஒரு மில்லிகிராமைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனால் அதன் வேலை பெரிது. சோற்றிலிருந்து வந்த சர்க்கரை செல்லுக்குள் ஆற்றலாக மாற பி1 கட்டாயம் வேண்டும். அடுப்பும் விறகும் இருந்து தீக்குச்சி இல்லாத நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றல் அதிகம் கேட்கும் நரம்பும் இதயமும் முதலில் தடுமாறும். பெரிபெரி அதுதான்.

இன்னும் ஒரு சிக்கல். உடம்பு பி1-ஐப் பெரிதாகச் சேமித்து வைக்காது. உள்ளே இருப்பது மொத்தமே சுமார் 30 மில்லிகிராம். வரத்து நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதுமட்டுமில்லை, சோறு கூடக்கூட அதை எரிக்க பி1-உம் கூடுதலாகத் தேவை. தீட்டிய அரிசியை மட்டுமே வயிறு நிறையச் சாப்பிடுகிறவர் தேவையை ஏற்றிக்கொண்டே போகிறார், வரத்தோ இல்லை.

ஆக, ரைட் தேடிய குடலில் கிருமி எதுவும் இல்லை. குடல் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. உறிஞ்சிக்கொள்ளத்தான் அங்கே எதுவும் வந்து சேரவில்லை.

புழுங்கலில் அப்படி என்ன இருக்கு?

நெல்லின் பி1 பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. ஆலையில் பச்சை நெல்லைக் குத்தித் தீட்டும்போது அவை இரண்டும் போய்விடும். மிஞ்சுவது வெள்ளை மாவுமணி.

புழுங்கலுக்கு வழி வேறு. நெல்லை உமியோடு ஊறவைத்து, அவித்து, பிறகு காயவைத்துக் குத்துவார்கள். ஊறும்போதும் அவியும்போதும் தவிட்டில் உள்ள பி1 தண்ணீரோடு மணியின் உள்ளே நகர்கிறது. சூட்டில் மாவுச்சத்து இறுகி அதைப் பிடித்துக்கொள்கிறது. அதன் பிறகு தவிட்டை நீக்கினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். உயிரைக் காக்க அந்தப் பங்கு போதும்.

நம் முன்னோர்கள் பி1-ஐத் தெரிந்து இதைச் செய்யவில்லை. புழுக்கிய நெல் குத்தும்போது குறைவாக உடையும், பூச்சியும் அவ்வளவாக வராது. அந்த வசதிக்காக வந்த பழக்கம் கப்பலேறி மலாயா வந்து, வேறொரு காவலாகவும் அமைந்தது.

ஆனால் இதை வைத்துத் தோட்டத்து வாழ்க்கையை அழகாக்கிச் சொல்லிவிடக் கூடாது. பெரிபெரி தொடாத லயங்களில் மலேரியா இருந்தது. கிள்ளானில் மருத்துவர் மால்கம் வாட்சன் 1901-லிருந்து வடிகால் வெட்டிப் போராடியது அதனோடுதான். சிறுகுடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு இருந்தது. வயிற்றுக்கடுப்பு இருந்தது. புழுங்கல் சோறு ஒரே ஒரு வாசலைத்தான் அடைத்தது.

மீதிப் பாதி விடை எப்படிக் கிடைத்தது?

ஃபிளெட்சர் நிறுத்திய இடத்தில் ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் தொடங்கினார்கள். இருவரும் கோலாலம்பூர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள். நெகிரி செம்பிலானின் டுரியான் தீபுசில், காட்டுக்குள் சாலை போட்ட சுமார் 300 ஜாவானியத் தொழிலாளர்களிடம் இரண்டு அரிசிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு அதேதான். அடுத்து, கோழிகளை வைத்துச் செய்த ஆய்வில், காப்பாற்றும் பொருள் தீட்டும்போது உதிரும் தவிட்டில் இருக்கிறது என்று காட்டினார்கள். நஞ்சு இல்லை, குறைபாடுதான்.

ஜாவாவில் கிறிஸ்டியான் ஐக்மன் 1890-களிலேயே கோழிகளிடம் இதைப் பார்த்திருந்தார். 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1910-ல் மணிலாவில் கூடிய கிழக்காசிய மருத்துவர்கள், தொடர்ந்து தீட்டிய அரிசி சாப்பிடுவதோடு பெரிபெரிக்குத் தொடர்பு உண்டு என்று தீர்மானம் போட்டார்கள். வைட்டமின் என்ற பெயரை 1912-ல் காசிமிர் ஃபங்க் வைத்தார். பி1 தூய வடிவில் பிரிக்கப்பட்டது 1926-ல், மறுபடியும் ஜாவாவில்.

கேட்கப்படாத சம்மதம்

இந்தக் கதையில் உங்களுக்கு ஒரு நெருடல் வந்திருக்கும். வர வேண்டும்.

வரிசையில் நின்றவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பலர் சம்மதம் சொல்லும் நிலையிலும் இல்லை. குடும்பம் கடலுக்கு அப்பால். ஒற்றை எண்ணா, இரட்டை எண்ணா என்பதுதான் அவர்கள் விதியைத் தீர்மானித்தது. ஒரு குழுவில் மரணங்கள் வந்துகொண்டிருந்தபோதும் சோதனை ஓராண்டு ஓடியது.

ஃபிளெட்சருக்காகப் பேசுவதென்றால் ஒன்று சொல்லலாம். பச்சரிசி அவர் புதிதாகக் கொடுத்த நஞ்சு அல்ல. அதற்கு முந்தைய ஆண்டும் எல்லோரும் அதையேதான் சாப்பிட்டார்கள். அரிசி மீதுதான் குற்றம் என்பது அப்போது நிரூபணமாகவும் இல்லை. ஆனாலும் இன்று இப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. ஆய்வுக்கு ஆளாகிறவரின் சம்மதம் அவசியம் என்று நியூரம்பெர்க் நெறிகள் சொன்னது 1947-ல்தான். ஹெல்சின்கி பிரகடனம் வந்தது 1964-ல்.

ஃபிளெட்சரின் பெயர் மருத்துவ வரலாற்றில் இருக்கிறது. அந்த 18 பேர் அதில் ஒரு எண்ணாகத்தான் இருக்கிறார்கள்.

பிறகு ஃபிளெட்சர் என்ன செய்தார்?

கோலாலம்பூர் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். இந்த முறை உண்மையிலேயே குடலுக்குள் இருக்கும் கிருமிகளைத் தேடினார். 1920-களில் விலங்கியலாளர் மார்கரெட் ஜெப்ஸுடன் சேர்ந்து மலாயாவின் வயிற்றுக்கடுப்பை ஆராய்ந்தார். பெருங்குடலின் சுவரைப் புண்ணாக்கி, சீதமும் இரத்தமுமாகப் போக வைக்கும் நோய் அது. பாக்டீரியாவாலும் வரும், அமீபாவாலும் வரும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு என்பதால், எது எது என்று நுண்ணோக்கியில் பிரித்தறிவது உயிர் காக்கும் வேலை.

ஸ்டான்டனுடன் சேர்ந்து இன்னொரு கொடிய நோயையும் ஆராய்ந்தார். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பாக்டீரியாவால் வருவது. மெலியாய்டோசிஸ் என்று அதற்குப் பெயர் வைத்தவர்கள் இவர்கள் இருவரும்தான். 1932-ல் அதுபற்றி நூலும் எழுதினார்கள். வெள்ளத்துக்குப் பிறகு மலேசியாவில் இன்றும் மருத்துவர்கள் எச்சரிக்கும் நோய்களில் ஒன்று அது.

இன்று உங்களுக்கு இது ஏன் முக்கியம்?

வெள்ளைச் சோறு சாப்பிட்டால் பெரிபெரி வந்துவிடுமா? வராது. பருப்பு, முட்டை, இறைச்சி, மீன், கடலை என்று மற்ற உணவுகளில் பி1 கிடைக்கிறது. 1905-ல் ஆபத்தானது வெள்ளை அரிசி இருந்ததால் மட்டும் அல்ல, தட்டில் பி1 தரும் வேறு உணவு போதுமான அளவு இல்லாததாலும்தான்.

ஆனால் பி1 குறைபாடு ஒழிந்துவிடவில்லை. மது குடலின் உறிஞ்சும் திறனைக் குறைக்கிறது. அளவுக்கு மீறிக் குடிப்பவர்களுக்கு இந்தக் குறைபாடு இன்றும் வருகிறது. கர்ப்ப காலத்தில் வாந்தி வாரக்கணக்கில் நிற்காதவர்களுக்கும், எடை குறைக்க இரைப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் வரலாம். கால் மரத்தல், மூச்சு வாங்குதல், நடை தடுமாறுதல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நேரத்தில் கண்டுபிடித்தால் பி1 ஊசி வேகமாக வேலை செய்யும்.

கோலாலம்பூர் மனநல மருத்துவமனையின் அந்த முற்றத்தைத் தேடி நீங்கள் போய்ப் பார்க்க வழியில்லை. 1911-ல் பேராக்கின் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. காலம் அங்கே நகர்ந்துவிட்டது. ஆனால் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் இரண்டு மூட்டைகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அடுத்த முறை கையை விட்டுப் பாருங்கள். வெள்ளை மணி பளிச்சென்று இருக்கும். புழுங்கல் மணி லேசாக மஞ்சள் தட்டியிருக்கும். தவிட்டிலிருந்து உள்ளே இறங்கியவை விட்டுச்சென்ற சாயமும் அந்த மஞ்சளில் இருக்கிறது.